போர்த்தியதும் உரித்ததும் ஒரே கை

ஸ்பெயின் தேசத்தில் 1970ஆம் வருஷத்தை ஒட்டியும், அதற்குப் பின் ஒரு பத்து வருஷ காலத்திலும் ஏராளமாக வெளிவந்த காம மர்மப் படங்களைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறோம். இதைக் கண்டு சில தோழர்கள் முகஞ் சுளிக்கலாம். "ஆபாசத்தைப் பற்றிப் பேசவா பத்திரிகை? உங்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்றும் கேட்கலாம். அவர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். சாக்கடை நாறுகிறதென்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனால் சாக்கடை சுத்தமாகிவிடாது. அது எங்கே அடைபட்டது, அடைத்தவன் யார் என்று குனிந்து பார்க்கிறவனால்தான் ஏதாவது காரியம் ஆகும்.

இந்தப் படங்களைப் பற்றி இரண்டு கட்சியார் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். மத பக்தர்கள், "பார்த்தீர்களா! மாதா கோவிலின் பிடி தளர்ந்தது. உடனே பெண்களின் ஆடை தளர்ந்தது. மதம் இல்லாவிட்டால் ஒழுக்கம் இராது என்று நாங்கள் சொன்னது மெய்யாயிற்று" என்கிறார்கள். மற்றக் கட்சியாரோ, "சர்வாதிகாரம் ஒழிந்து சுதந்திரம் வந்ததற்கு அந்த நிர்வாணந்தான் அத்தாட்சி" என்கிறார்கள். ஒருவர் வைகிறார், ஒருவர் வாழ்த்துகிறார். ஆனால் இருவரும் சேர்ந்து நம்பச் சொல்லுவது ஒன்றே. அதாவது, பெண்ணை மூடியவர்கள் ஒரு கூட்டத்தார், அவளைத் திறந்து காட்டியவர்கள் அதற்கு நேர் விரோதமான வேறொரு கூட்டத்தார் என்பதே. இது உண்மைதானா என்பதைத் தேதி வாரியாகப் பரிசோதித்துப் பார்ப்போம்.

சட்டம் சொன்ன ஒழுக்கம்

ஸ்பெயினில் 1931இல் குடியரசு ஏற்பட்டது. பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. 1932இல் விவாகரத்துச் சட்டம் வந்தது. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் தளபதி பிராங்கோ ஜெயித்தார். கத்தோலிக்க மத பீடம் அந்த யுத்தத்தைப் புனித யுத்தம் என்று ஆசீர்வதித்தது. ஆசீர்வாதத்துக்குக் கூலி கொடுக்க வேண்டாமா? 1939லேயே விவாகரத்துச் சட்டத்தை ரத்து செய்தார்கள். அது மட்டுமா? ஏற்கனவே நடந்து முடிந்த விவாகரத்துக்களையுங்கூடச் செல்லாமல் அடிக்க வழி செய்தார்கள். 1953இல் போப்பின் பீடத்தோடு உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள்.

பெண்ணுக்குச் சட்டத்தில் என்ன இடம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். கல்யாணமானவள் உத்தியோகம் பார்க்கவோ, சொத்தை விற்கவோ, பாங்கியில் கணக்கு வைக்கவோ புருஷனுடைய அனுமதி வேண்டும். பெண்ஜாதி ஒரே ஒரு தரம் வேறொருவனோடு சேர்ந்தாலும் அது குற்றம், சிறைவாசம். புருஷன் விஷயத்திலோ, வைப்பாட்டியை வீட்டிலேயே கொண்டுவந்து வைத்திருந்தாலோ, வெளியில் ஊரறிய வைத்திருந்தாலோதான் குற்றம். ஊரறியாமல் வைத்திருந்தால் அவன் உத்தமன்! 1944ஆம் வருஷத்துக் கிரிமினல் சட்டத்தில் இன்னொரு அழகும் இருந்தது. சோரம் போன மனைவியைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொன்றுவிட்ட புருஷனுக்கு ஊரை விட்டுச் சில காலம் விலகி இருக்கும் தண்டனையே போதும் என்று விதித்தார்கள். 1963 வரை இந்தச் சட்டம் உயிரோடு இருந்தது.

இவ்வளவும் போதாதென்று 1941இல் பெண்களின் பாதுகாப்புக்கென்று ஒரு கழகம் ஸ்தாபித்தார்கள். கெட்டுப்போன பெண்களையும், கெட்டுப்போகக்கூடும் என்று இவர்கள் நினைத்த பெண்களையும் பிடித்துக் கன்னிகாஸ்திரீகள் நடத்தும் விடுதிகளில் அடைத்து வைப்பதே அதன் வேலை. கெடுத்த ஆண்பிள்ளையை அடைத்து வைக்க ஒரு விடுதியாவது கட்டினார்களா என்றால், இல்லை.

இதுதான் அந்தப் படங்கள் முளைத்த மண். இந்த மண்ணை மறைத்துவிட்டு அதில் முளைத்த செடியை மாத்திரம் பிடுங்கிக் காட்டி, "ஐயோ விஷம்" என்று கூவுவது யோக்கியமான காரியமாகாது.

கத்தரிக்கோல் செய்த கூத்து

1941இல் அந்நிய பாஷைப் படங்கள் எல்லாம் ஸ்பானிய பாஷையில் பேசியே தீரவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். தேச பாஷையின் மேல் கொண்ட பிரியம் என்று இதற்குப் பெயர். உள்ளே இருந்த சௌகரியம் என்னவென்றால், நடிகர் வாயில் எந்த வார்த்தையை வேண்டுமானாலும் வைத்துவிடலாம். தணிக்கை சபையில் மத பீடத்தின் பிரதிநிதி ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒழுக்க விஷயத்தில் அவர் வார்த்தைக்குத் தனி மதிப்பு. சர்க்கார் அனுமதித்த படத்துக்கும் 1950 முதல் மத பீடம் தனியே நம்பர் போட்டது. 1 என்றால் எல்லோரும் பார்க்கலாம், 4 என்றால் மகா ஆபத்து. இந்த ஜாபிதாவைக் கோவில் வாசலில் ஒட்டினார்கள். ஆபத்தான படம் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் இருந்தவனுக்கும் அங்கே போனால் தெரிந்துவிடும்!

இந்தக் கத்தரிக்கோல் எவ்வளவு புத்தியுள்ளது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 1953இல் அமெரிக்கர் எடுத்த "மொகாம்போ" என்ற படத்தில் ஒரு புருஷனும் மனைவியும் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள். அங்கே மனைவிக்கு வேறொருவன் மேல் ஆசை உண்டாகிறது. கல்யாணமான பெண்ணுக்கு ஆசை வரலாமா? வரக்கூடாது. ஆகையால் ஸ்பெயின் தணிக்கையார் பேச்சை மாற்றிப் புருஷன் மனைவியை அண்ணன் தங்கையாக்கிவிட்டார்கள். வாய்ப் பேச்சை மாற்றினார்களே ஒழிய, இருவரும் தம்பதிகளாகப் பழகும் காட்சிகளை மாற்ற முடியவில்லை. ஜனங்கள், "இதென்ன, அண்ணனும் தங்கையும் இப்படிப் பழகுகிறார்களே!" என்று திகைத்தார்கள். விபசாரத்தை மறைக்கப் போய் அதைவிடப் பெரிய அசிங்கத்தைக் கற்பித்துக் கொடுத்த பெருமை கற்புக் காவலர்களையே சேர்ந்தது.

இரண்டாவது, லூயிஸ் புனுவெல் 1961இல் எடுத்த "விரிதியானா". கன்னிகாஸ்திரீ ஆகப் போன பெண் ஒருத்தி கடைசியில் தன் மைத்துனன் அறைக்கதவைத் தட்டி உள்ளே போவதாகக் கதையை முடித்திருந்தார். கூடாது என்றார்கள் தணிக்கையார். அவரும் சரி என்று முடிவை மாற்றினார். அறையில் அவனும் வேலைக்காரியும் இருக்க, இவளும் உட்கார்ந்து மூவருமாகச் சீட்டாடுகிறார்கள். பார்த்தவர்கள் எல்லோருக்கும் விஷயம் விளங்கியது, தணிக்கையாருக்கு மட்டும் விளங்கவில்லை. அந்தப் படம் கான் நகரப் பந்தயத்தில் முதற் பரிசு வாங்கிற்று. வாத்திக்கான் பத்திரிகை வைது எழுதியது. உடனே சினிமா இலாகாத் தலைவருக்கு வேலை போயிற்று. படத்துக்கு ஸ்பெயினில் 1977 வரை தடை.

1963இல் தணிக்கைக்கு எழுத்து மூலமான விதிகள் செய்தார்கள். விவாகரத்து, விபசாரம், கர்ப்பத்தடை, கருச்சிதைவு, தற்கொலை இவற்றுள் எதையும் நியாயப்படுத்தக் கூடாது என்று அதில் கண்டிருக்கிறது. கவனியுங்கள் தோழர்களே! இவர்கள் பயந்தது உடம்பைக் கண்டு மாத்திரமல்ல. பெண் தன் கல்யாணத்தைப் பற்றியும், தன் கர்ப்பத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டுவிடுவாளோ என்பதே அவர்களுடைய பெரும் பயம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

உள்ளூருக்கு ஒரு படம், வெளியூருக்கு ஒரு படம்

1960க்குப் பிறகு ஸ்பெயின் சர்க்காருக்குப் பணத் தேவை மிகுந்தது. உல்லாசப் பிரயாணிகள் வந்தால் பணம் வரும். 1973இல் 3 கோடிக்கு மேற்பட்ட அந்நியர் வந்து போனார்கள். கடற்கரையில் அந்நியப் பெண் அரை ஆடையோடு கிடந்தாள். அவளுடைய பணத்தில் பாவம் ஒட்டியிருக்கவில்லை போலும்! அதே சமயத்தில் சினிமாவும் ஏற்றுமதிச் சரக்காயிற்று. வெளிநாட்டார் பயங்கரமும் காமமும் கலந்த படங்களை விரும்பி வாங்கினார்கள். ஆகவே முதலாளிகள் ஒரு யுக்தி செய்தார்கள். ஒரே காட்சியை இரண்டு தரம் எடுத்தார்கள். உள்நாட்டுக்கு எடுத்ததில் நடிகை உடுத்தியிருப்பாள். அதே படுக்கை, அதே விளக்கு, அதே நடிகை, ஏற்றுமதிக்கு எடுத்ததில் ஆடை இராது. ஹெஸுஸ் பிராங்கோ என்ற டைரெக்டர் (சர்வாதிகாரிக்கும் இவருக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை) 1962இல் எடுத்த "இரவில் அலறல்கள்" என்ற படத்திலேயே இந்த வியாபாரம் ஆரம்பமாகிவிட்டது. 1970க்குப் பின் இது சர்வ சாதாரணம்.

இதைச் சர்க்கார் அறியாதா? படத்துக்குச் சர்க்கார் அனுமதி வேண்டும், ஏற்றுமதிக்கும் அனுமதி வேண்டும். அப்படியிருக்க அறியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஸ்பானியன் பார்த்தால் ஆத்துமா கெடும், ஜெர்மானியன் பார்த்தால் கெடாதா? அல்லது ஜெர்மானியன் ஆத்துமா கெட்டாலும் அவன் காசு கெடாது என்பதா? இவர்கள் காத்தது ஒழுக்கத்தையா, கல்லாப் பெட்டியையா என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம். எல்லாவற்றையும்விட, போர்த்திக்கொண்டு நடித்த பெண்ணும் அவளே, உரித்துக்கொண்டு நடித்த பெண்ணும் அவளே. எந்தச் சட்டம் அவளைக் காப்பாற்றிற்று?

மற்றொரு வேடிக்கை. பாவமெல்லாம் எல்லைக்கு அப்பால்தான் நடக்கவேண்டும் என்பது அந்தக் காலத்து எழுதாத சட்டம். பால் நாஷி என்ற நடிகர் 1968இல் ஓநாய் மனிதன் வேஷம் போட்டார். ஸ்பானியன் ஓநாயாக மாறுவதாகக் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். ஆகவே கதாநாயகனைப் போலந்துக்காரனாக்கிக் கொண்டார். இபானியெஸ் செராதோர் என்பவர் 1969இல் எடுத்துப் பெரும் பணம் சம்பாதித்த "விடுதி" என்ற படத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் மாணவிகள் ஒவ்வொருவராகக் கொலையாகிறார்கள். பள்ளிக்கூடம் பிரான்சு தேசத்தில்! கார்லோஸ் அவுரெத் எடுத்து 1974இல் வெளிவந்த "உடைந்த பொம்மையின் நீலக் கண்கள்" என்ற மர்மப் படத்தில் ஒரு கிராமத்துப் பெண்களைக் கொன்று கண்களைத் தோண்டி எடுக்கிறார்கள். அந்தக் கிராமமும் பிரான்சில்தான்! ஸ்பெயினில் கொலையும் இல்லை, காமமும் இல்லை, எல்லாம் புனிதமயம் என்று ஜனங்கள் நம்பிக்கொள்ள வேண்டும்.

ஜனங்கள் நம்பினார்களா? மூட்டை கட்டிக்கொண்டு எல்லை தாண்டினார்கள். பாரிஸ் நகரத்துக் கதையான "கடைசி டாங்கோ" படத்தைப் பார்க்க 1973இல் ஸ்பானியர்கள் கூட்டங் கூட்டமாகப் பெர்ப்பினியான் முதலிய பிரெஞ்சு ஊர்களுக்குப் போய் வந்தார்கள். இந்த யாத்திரையைக் கேலி செய்து அதே வருஷத்தில் ஸ்பெயினிலேயே ஒரு ஹாஸ்யப் படமும் வந்தது. ஒருவனை முப்பது வருஷம் பட்டினி போட்டுவிட்டு, அவன் எச்சில் இலையைப் பார்த்து ஓடுகிறான் என்று பரிகாசம் செய்வதா? பட்டினி போட்டவனைக் கேட்க வேண்டாமா?

கத்தி யார் கையில்?

இனி அப்படங்களின் சரக்கைப் பார்ப்போம். பெரும்பாலானவற்றின் கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரு பெண் ஆசைப்படுகிறாள், அல்லது யாரோ அவள் மேல் ஆசைப்படுகிறான். அவள் உடம்பைக் கொஞ்ச நேரம் காட்டுகிறார்கள், பிறகு அவளைக் கொல்லுகிறார்கள். பாதிரியார் பிரசங்க மேடையில் ஒரு மணி நேரம் சொன்னதையே இவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் சொன்னார்கள். "காமம் பாவம், பாவத்தின் சம்பளம் மரணம், அந்தச் சம்பளத்தை வாங்கவேண்டியவள் பெண்" என்பதே இரண்டிடத்திலும் பாடம். பிரசங்கத்தில் படம் இல்லை, படத்தில் பிரசங்கி இல்லை. இவ்வளவே வித்தியாசம். ஆகையால் இப்படங்கள் மதத்துக்கு விரோதமானவை என்று சொல்லுவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. இவை மதத்தின் கள்ளப் பிள்ளைகள். பெற்றவன் மறுத்தாலும் முகச்சாடை காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் எல்லாப் படங்களையும் ஒரே தராசில் போட்டு நிறுப்பதும் நியாயமாகாது. விசென்தே அராந்தா 1972இல் எடுத்த "இரத்தம் தோய்ந்த மணப்பெண்" என்ற படத்தைப் பாருங்கள். வெளிப் பார்வைக்கு அது இரத்தம் குடிக்கும் பேய்க் கதை. உள்ளே இருப்பது கல்யாணக் கதை. புதிதாகக் கல்யாணமான பெண் புருஷன் வீட்டுக்கு வருகிறாள். அந்த மாளிகையின் மேல் கூடங்களில் ஆண்களின் படங்கள் மாட்டியிருக்கின்றன. அந்த வம்சத்துப் பெண்களின் படங்களோ கீழே நிலவறையில் கிடக்கின்றன! புருஷன் தன் இச்சையை அவள் மேல் பலவந்தமாய்த் தீர்த்துக் கொள்ளுகிறான். சட்டப்படி அது அவன் உரிமை. அவள் மனத்தில் அருவருப்பும் கோபமும் வளர்ந்து கடைசியில் கத்தியை எடுக்கிறாள். முடிவு என்ன? புருஷன் துப்பாக்கி எடுக்கிறான். மூன்று பெண்களின் இருதயத்தை ஒருவன் அறுத்தெடுத்தான் என்ற பத்திரிகைச் செய்தியோடு படம் முடிகிறது. பேய் யார் என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாக அந்தக் காலத்து ஸ்பெயினில் யாரும் கேட்டிருக்க முடியாது. நேராகக் கேட்டால் 1963 வருஷத்து விதி குறுக்கே நிற்கும். ஆகையால் பேய் வேஷம் போட்டுக்கொண்டு கேட்டார்.

எலோய் டி லா இக்லேசியா என்பவர் இன்னும் துணிந்தவர். இவர் 1972இல் எடுத்த "கொலைகாரனின் வாரம்" என்ற படத்தில் இறைச்சித் தொழிற்சாலைக் கூலியாள் ஒருவன் கொலைக்கு மேல் கொலையாகச் செய்துகொண்டே போகிறான். தணிக்கையார் அதைக் கண்டதுண்டமாக வெட்டினார்கள். 1978இல் "பாதிரியார்" என்று ஒரு படம் எடுத்தார். காமத்தைப் பாவமென்றே சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த ஒரு பாதிரி, தன் இயற்கை உணர்ச்சியோடு போராட முடியாமல் கடைசியில் தோட்டக் கத்தரியால் தன்னையே அறுத்துக்கொள்ளுகிறான். பார்க்கச் சகிக்காத காட்சிதான். ஆனால் தணிக்கையார் கத்தரிக்கோலால் ஒரு தேசம் முழுவதற்கும் செய்துவந்ததை அவர் ஒரு மனிதனின் உடம்பில் காட்டிவிட்டார். சகிக்காதவர்கள் எதைச் சகிக்கவில்லை என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

பிகாஸ் லூனா அதே 1978இல் எடுத்த "பில்பாவோ" என்ற படமும் குறிப்பிடத்தக்கது. பார்சலோனா நகரத்தில் ஒருவன் ஒரு வேசையைப் பின்தொடர்கிறான். அவளை ஒரு மனுஷியாக நினையாமல், சேகரித்து வைக்கவேண்டிய ஒரு சாமானாக நினைக்கிறான். முடிவில் அவள் அவன் கையில் சாகிறாள். அவளது உடல் இறைச்சித் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறது. காசு கொடுத்து இருட்டில் உட்கார்ந்து பெண்ணுடம்பைப் பார்க்க வந்தவனுக்கு, "உன் பார்வை எங்கே கொண்டுபோய் விடும் பார்" என்று முகக்கண்ணாடி காட்டிய படம் இது. இப்படிச் சில இருந்தன. ஆனால் சில நெல்மணிகளைக் காட்டிப் பதரையெல்லாம் நெல் என்று விற்க முடியாது.

"கதை கேட்கிறது"

1975 பிப்ரவரி மாதத்தில், சர்வாதிகாரி உயிரோடிருக்கும்போதே, தணிக்கை விதியைத் திருத்தினார்கள். படத்தின் முழுமைக்கு அவசியமானால் நிர்வாணத்தைக் காட்டலாம், ஆனால் பார்ப்பவருக்கு இச்சையைக் கிளப்பும் நோக்கத்தோடு காட்டக்கூடாது என்பது விதி. அன்று முதல் நடிகைகளின் வாயில் ஒரே பல்லவி, "கதை கேட்கிறது, அதனால் ஆடையை அவிழ்த்தேன்" என்பது. நடிகைகளை நாம் குறை சொல்லவில்லை. மறுத்தால் வேலை போகும். நாம் கேட்பது, இந்தக் கதை ஏன் எப்பொழுதும் பெண்ணின் ஆடையையே கேட்கிறது? ஆண்பிள்ளையின் கோட்டு நுனியைக்கூட அது கேட்கக் காணோமே! மேற்சொன்ன இக்லேசியா ஆண்மேல் ஆண் கொள்ளும் காதலைப் பற்றி "மறைந்த இன்பங்கள்" என்ற படம் எடுத்தபோது முதலில் அனுமதி மறுத்தார்கள். 1977இல்தான் அது வெளிவந்தது. ஆக, எந்த உடம்பைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் பழைய ஆண்பிள்ளைகளிடமே இருந்தது.

1975 நவம்பர் 20இல் பிராங்கோ இறந்தார். 1976இல் ஹோர்ஹே கிராவ் எடுத்த "கடையின் பின்கட்டு" என்ற படம் வெளிவந்தது. ஓப்பஸ் டெய் என்ற கத்தோலிக்க சங்கத்தைச் சேர்ந்த ஒரு டாக்டரின் வெளிவேஷத்தைப் பற்றியது கதை. அதில் மரியா ஹோஸே கந்தூதோ என்ற நடிகை சில விநாடிகள் கண்ணாடியில் முழு நிர்வாணமாகத் தெரிகிறாள். தேசமே அந்தச் சில விநாடிகளைப் பற்றிப் பேசிற்று. டாக்டரின் வெளிவேஷத்தைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

அதே 1976 செப்டம்பரில் ஒரு பத்திரிகை, மாரிசோல் என்ற நடிகையின் நிர்வாணப் படத்தை அட்டையில் போட்டு விற்றது. இந்த மாரிசோல் யார்? 1960இல் பன்னிரண்டு வயதுக் குழந்தையாக நடிக்க வந்து, "கள்ளங்கபடமற்ற ஸ்பானியப் பெண்குழந்தை" என்று தேசம் முழுவதும் கொண்டாடப்பட்டவள். குழந்தைத்தனத்தை விற்றவர்களுக்கும் நிர்வாணத்தை விற்றவர்களுக்கும் அவள் சரக்குத்தான். பெப்பா புளோரெஸ் என்பது அந்த அம்மையாரின் சொந்தப் பெயர். 1985க்குப் பின் அவர் சினிமாவை விட்டு விலகிவிட்டார். 2020இல் ஸ்பெயின் சினிமாக்காரர்கள் அவருக்குக் கௌரவப் பரிசு கொடுத்தபோதும் மேடைக்கு வரவில்லை. பெண்மக்கள் மூவரும் போய் வாங்கிக்கொண்டார்கள். தன்னை இனி யார் பார்க்கலாம் என்பதைத் தானே தீர்மானித்தார். அந்த ஒரு காரியத்தில் உள்ள சுயமரியாதை, மேலே சொன்ன படங்கள் அத்தனையும் சேர்ந்தாலும் வராது.

தேதிக் கணக்கு

1977 நவம்பரில் சினிமாத் தணிக்கையை ஒழித்தார்கள். அதற்குப் பதிலாக "எஸ்" என்ற முத்திரை வந்தது. பார்ப்பவர் மனத்தைப் புண்படுத்தக்கூடும் என்ற எச்சரிக்கை அது. வியாபாரிகள் எச்சரிக்கையையே விளம்பரமாக்கிவிட்டார்கள். நான்கைந்து வருஷங்களில் ஸ்பெயினிலேயே நூற்றுக்கு மேற்பட்ட எஸ் படங்கள் எடுத்தார்கள். இதையே சுதந்திரம் என்றார்கள்.

சரி, அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய ஸ்பானியனின் மனைவிக்கு என்ன சுதந்திரம் வந்தது? புருஷன் அனுமதியில்லாமல் காரியம் செய்யும் உரிமை 1975 மே மாதத்தில் வந்தது. திரையில் நிர்வாணம் 1976. விபசாரத்தைக் குற்றமாகக் கருதும் சட்டம் ஒழிந்தது 1978 மே. கர்ப்பத்தடைச் சாமான்களை விற்பது குற்றமல்ல என்றானது 1978 அக்டோபர். விவாகரத்து வந்தது 1981. கருச்சிதைவு, அதுவும் மூன்று சந்தர்ப்பங்களில் மட்டும், 1985. அதாவது, 1977இல் ஒரு ஸ்பானியப் பெண் திரையில் ஆடையில்லாமல் நிற்கலாம், அதற்கு அனுமதி உண்டு. அவளே வீட்டில் கர்ப்பத்தடைச் சாமான் வாங்கினால் விற்றவனுக்குத் தண்டனை. அடிக்கிற புருஷனை விட்டு வேறு கல்யாணம் செய்துகொள்ள முடியாது. வேறொருவனோடு வாழ்ந்தால் சிறை. ஆடையை அவிழ்ப்பதற்கு இருந்த அவசரம் விலங்கை அவிழ்ப்பதற்கு இல்லை. ஆடையை அவிழ்த்தால் ஆண்பிள்ளைக்குக் காட்சி, முதலாளிக்குக் காசு. விலங்கை அவிழ்த்தால் ஆண்பிள்ளைக்கு என்ன லாபம்?

இன்னுமொரு சாட்சி. பிலார் மிரோ என்ற பெண் டைரெக்டர் 1979இல் "குவென்கா குற்றம்" என்ற படத்தை எடுத்தார். அது நடந்த கதை. 1910இல் ஒரு ஆட்டிடையன் காணாமற் போனான். இரண்டு ஏழைகளைப் போலீஸ் படையார் சித்திரவதை செய்து, கொன்றோம் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். கோர்ட்டு தண்டித்தது. 1926இல் செத்துப்போனதாகச் சொன்ன இடையன் உயிரோடு வந்து நின்றான்! இந்த உண்மையைப் படமாக எடுத்ததற்காக, தணிக்கை ஒழிந்து இரண்டு வருஷமான பின்பு, படத்தைப் பறிமுதல் செய்தார்கள். அந்த அம்மையார் மேல் இராணுவ நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். 1981 வரை ஜனங்கள் அதைப் பார்க்க முடியவில்லை. பக்கத்துக் கொட்டகையில் எஸ் முத்திரைப் படங்கள் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தன. பெண்ணை உரித்துக் காட்டலாம், போலீஸின் அக்கிரமத்தை உரித்துக் காட்டக்கூடாது! எந்த நிர்வாணத்தைக் கண்டு அதிகாரம் பயந்தது என்பது இப்பொழுது விளங்குகிறதா?

படம் வெளிவந்தபோது ஜனங்கள் திரள் திரளாகப் போய்ப் பார்த்தார்கள். ஜனங்களுக்கு ஆபாசந்தான் பிடிக்கும் என்று சொன்னவர்களின் வாயை ஜனங்களே அடைத்தார்கள். 1982 முடிவில் அதே பிலார் மிரோ அம்மையார் ஸ்பெயின் சர்க்காரின் சினிமா இலாகாவுக்குத் தலைவரானார். சீக்கிரத்தில் எஸ் முத்திரையும் மறைந்தது. பாதிரிமார் பிரசங்கத்தால் மறையவில்லை. சட்டம் திருந்தி, பசி தீர்ந்து, பேசவேண்டியதை நேராகப் பேச வழி ஏற்பட்டபோது பாதி அந்த வியாபாரத்துக்குத் தேவையே இல்லாமல் போயிற்று.

முடிவாக

ஆகவே, மதம் போனதால் ஆபாசம் வந்தது என்பது புரட்டு. மதமும் சட்டமும் சேர்ந்து நாற்பது வருஷ காலம் அடைத்து வைத்த சாக்கடையே ஆபாசமாக வழிந்தது. நிர்வாணம் வந்ததால் விடுதலை வந்தது என்பதும் புரட்டு. பெண்ணுடம்பு அவளுடையதல்ல என்று நினைத்தவனே முன்னே அதைப் போர்த்தினான். அதே நினைப்புள்ளவனே பின்னே அதை உரித்தான். கோவிலுக்கு அது மூடி வைக்கவேண்டிய சொத்து, கொட்டகைக்கு அது திறந்து விற்கவேண்டிய சொத்து. சொத்துக்கு வாய் உண்டா?

ஒரு தேசத்தின் ஒழுக்கத்தைத் துணியின் முழத்தைக் கொண்டு அளப்பதை மனிதர்கள் விடவேண்டும். திரையில் நிற்கும் பெண்ணுக்கு மாட்டேன் என்று சொல்ல உரிமை இருந்ததா? அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தன் கல்யாணத்தையும் தன் கர்ப்பத்தையும் தானே தீர்மானிக்க உரிமை இருந்ததா? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பதில் "இல்லை" என்றால், அந்த நாட்டில் பெண் போர்த்திக்கொண்டிருந்தாலும் ஒன்றுதான், போர்த்தாமலிருந்தாலும் ஒன்றுதான்.